பச்சை மையில் ஒரு சரி

அந்த ஜெபக் கொப்பி இப்போது என்னிடம் இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு எடுத்துப் போய்விட்டார். ஆனால் அதன் நீல அட்டையும், தேத்தண்ணிக் கறை படிந்த ஓரங்களும், ஒவ்வொரு பக்கத்திலும் நான் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துப் பிரித்த மூன்று பத்திகளும் கண்ணை மூடினால் அப்படியே தெரிகின்றன. முதல் பத்தியில் பெயரும் தேதியும், இரண்டாவதில் விண்ணப்பம், மூன்றாவதில் பதில். பதில் கிடைத்துவிட்டால் மூன்றாவது பத்தியில் பச்சை மையில் ஒரு சரி போடுவேன். சிவப்பு வாத்தியார்களுடையது, நீலம் ஆபீஸ்களுடையது, பச்சைதான் நன்றி சொல்கிற நிறம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன். அந்தப் பச்சைப் பேனாவை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பேனா பாவம், அது என்ன செய்யும்? கோபம் என் மேல்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரி. எங்கள் சபை என்னை மாத்தளை மாவட்டத்துக்கு ஊழியத்துக்கு அனுப்பிப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. சபைப் பத்திரிகையில் இதைக் ‘கடல் கடந்த ஊழியம்’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். கடல் கடந்தது என்னவோ உண்மைதான். விமானத்தில் ஏறி, கொடுத்த பிஸ்கட்டைத் தின்று முடிப்பதற்குள் கடல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பயணமே. மாத்தளை டவுனில் இரத்தோட்டை பஸ் பிடித்து, இறங்கி ஆட்டோ ஏறி, ஆட்டோக்காரர் ‘இதுக்கு மேல ஏறாது சிஸ்டர்’ என்று கைவிரித்த இடத்திலிருந்து படி ஏறினால் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயங்கள், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள், வரும். என்னைக் கடலுக்கு அப்பால் அனுப்பியவர்கள் யாரும் அந்தப் படிகளை ஏறியதில்லை. ஏறியிருந்தால் ஊழியத்தைவிடப் படியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் லயத்து வாசலில் ஜெபக் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் ஒரு காலிப் பால்மா டின் சுற்றி வரும். விண்ணப்பத்தைத் துண்டுத் தாளில் எழுதி அதில் போடலாம். எழுத வராதவர்கள் என் காதில் சொல்லலாம். எல்லாவற்றையும் நான் கொப்பியில் ஏற்றுவேன். மகனுக்குக் கொழும்பில் கடை வேலை கிடைக்க வேண்டும், வெளிநாடு போன மகள் போன் எடுக்க வேண்டும், காய்ச்சல் விட வேண்டும். ஒருத்தி தன் புருஷன் குடியை விட வேண்டும் என்று எழுதிப் போடுவாள். அடுத்த வாரம் அவனே வந்து, தன் பெண்டாட்டி வாயைக் குறைக்க வேண்டும் என்று காதில் சொல்லிவிட்டுப் போவான். இரண்டையும் எழுதிக்கொள்வேன். காலையில் மாரியம்மனுக்கு விளக்கு ஏற்றிவிட்டு வருகிறவர்களும் அந்த டின்னில் தாள் போட்டார்கள். தோட்டத்து ஆபீசில் கொடுத்தால் குப்பைக்குப் போகிற தாள், இங்கே ஒரு கொப்பியில் தேதியோடு ஏறுகிறது என்பது அவர்களுக்கு ஒரு மரியாதையாக இருந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆயம்மா அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற ஒற்றை அறைக் கட்டடம் அது. கட்டையான உடம்பு, கணீரென்ற குரல், இடுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை. எனக்கும் அவருக்கும் ஒரே வயது, பிறந்த மாதம்கூட ஒன்றுதான் என்று கண்டுபிடித்த நாளில், “அப்ப நீங்க எனக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. பேசாம சிஸ்டராவே இருங்க” என்று சிரித்தார். ஜெபக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருவார். பாட்டு வந்தால் பாடுவார், பிரசங்கம் நீண்டால் மடியில் கிடக்கும் பிள்ளையை மெல்லக் கிள்ளி அழ வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதற்கு, இல்லை என்று சொல்லவில்லை.

அவருடைய விண்ணப்பம் எப்போதும் ஒன்றேதான். லயத்துக்கு மேலே கான் வெட்ட வேண்டும்.

மலைச்சரிவில் விழுகிற மழைத்தண்ணீர் ஓரமாக இறங்கிப் போவதற்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். ஆயம்மாவின் வீட்டுக்காரர் வருடக்கணக்காகக் கான் வெட்டுகிற வேலையில் இருந்தவர். பிறகு தோட்டத்தில் அந்த வேலையையே நிறுத்திவிட்டு, அவரைத் தேயிலைச் செடி கவ்வாத்து பண்ணப் போட்டுவிட்டார்கள். லயத்துக்கு மேலே இருந்த கான் மண்ணும் புல்லுமாக மூடிக்கொண்டது. அவர் எங்கள் கூட்டத்துக்குள் வரமாட்டார். மாரியம்மன் தேர் வடம் பிடிக்கிற குடும்பம். வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்பார். ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேட்டைக் காட்டினார். “தண்ணி வெளிய வரல சிஸ்டர். உள்ளுக்குப் போகுது. அதான் எனக்குப் பயம்” என்றார். கங்காணியிடம் சொன்னார்கள். ஆபீசில் சொன்னார்கள். பார்ப்போம் என்றார்கள். ஆயம்மா என் டின்னில் தாள் போட்டார். அடுத்த வருட மழைக்கும் போட்டார், அதற்கடுத்த வருடமும் போட்டார். மூன்றையும் நான் ஒழுங்காகத் தேதியோடு எழுதி வைத்தேன்.

மூன்றாவது வருட ஐப்பசி மழையில் ஆயம்மா வீட்டுக் குசினித் தரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. அவருடைய வீட்டுக்காரர் ஆண்களைச் சேர்த்து ஒரு முடிவு எடுத்தார். திங்கட்கிழமை காலை, ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு யாரும் வேலைக்கு நிற்பதில்லை, ஆபீஸ் வாசலில் உட்காருவது, கான் வெட்ட ஆள் போட்டால்தான் எழுந்திருப்பது. ஞாயிறு பின்னேரம் அவரே வந்து என்னிடம் சொன்னார். நான் அந்நிய நாட்டுக்காரி, வீசாவில் இருக்கிறவள். சிஸ்டரின் கூட்டத்தில்தான் இதைப் பேசி முடிவெடுத்தார்கள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? அந்தப் பயத்துக்கு நான் பயம் என்று பெயர் வைக்கவில்லை, விசுவாசம் என்று வைத்தேன். “அண்ணே, அவசரப்படாதீங்க. ஏழு நாள் உபவாச ஜெபம் வைப்போம். அதுக்குப் பிறகும் ஒண்ணும் நடக்கலன்னா போங்க” என்றேன். என் சாமியைக் கும்பிடாத அந்த மனிதர் மேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நீங்க சொன்னா சரி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏழு நாளில் மழை தணிந்தது. ஏழாம் நாள் வெயிலே வந்தது. பெண்கள் ஈரத் துணிகளை எடுத்து வேலியில் காயப்போட்டார்கள். ஆபீஸ் வாசலில் உட்காரும் பேச்சு அதோடு போயிற்று. நான் கொப்பியை எடுத்து, மூன்றாவது பத்தியில், பச்சை மையில், ஒரு சரி போட்டேன். ஊருக்கும் எழுதினேன். ஆண்டவர் மலையைப் பிடித்து நிறுத்தினார் என்று பத்திரிகையில் என் படத்தோடு வந்தது. ஊரில் உபவாசக் கூட்டத்தில் அதை வாசித்தபோது பலர் கண்ணீர் விட்டார்களாம். எனக்குப் போன் மேல் போன். அது எனக்கு இனித்தது, அதை மறைப்பானேன்.

கான் அப்படியே மூடிக் கிடந்தது.

அடுத்த வருட மழையில், காலை பத்து மணி இருக்கும், மலை இறங்கியது. பிள்ளைக்காம்பரா வாசலில் பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்த ஆயம்மா, மேட்டில் நின்ற பலா மரம் நின்றவாக்கிலேயே கீழ்நோக்கி நகர்ந்து வருவதைப் பார்த்தார். உள்ளே ஒன்பது பிள்ளைகள். இரண்டை இடுப்பில் வைத்து, ஒன்றைத் தோளில் போட்டு, நடக்கத் தெரிந்ததுகளைச் சேலைத் தலைப்பைப் பிடிக்கச் சொல்லி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஓடினார். வெளியே நின்ற கூட்டும்காரி மற்றதுகளை வாரிக்கொண்டு பின்னால் ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது பிள்ளைக்காம்பராவின் ஜன்னல் மட்டத்துக்குச் சேறு நின்றது. அவருடைய லயத்தில் பாதி இல்லை. அந்தப் பாதியில், காய்ச்சலோடு படுத்திருந்த அவருடைய வீட்டுக்காரர். காலையில் அவருக்குக் கொத்தமல்லித் தண்ணி கொடுத்துவிட்டு, பகலைக்கு வந்து கஞ்சி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆயம்மா வேலைக்கு வந்திருந்தார்.

மறுநாள் பின்னேரம்தான் உடல் கிடைத்தது. அடக்கத்துக்கு முன்னால் நான் ஆயம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ வீடுகளில் செய்த பழக்கத்தில் அவர் தலையில் கையை வைத்து, ஆண்டவருடைய சித்தம் என்று ஆரம்பித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கையைத் தலையிலிருந்து எடுத்து, என் மடியிலேயே திருப்பி வைத்தார். குரல் உயரவே இல்லை. “சித்தம்னு சொல்லாதீங்க சிஸ்டர். கான் வெட்டல. அவ்வளவுதான்” என்றார்.

லயத்து ஆட்களைப் பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்தார்கள். கலேவெலயிலிருந்து ஒரு முஸ்லிம் முதலாளி லொறி நிறைய மரக்கறி கொண்டுவந்து இறக்கினார். பூசணிக்காய்களை அவரே தோளில் சுமந்தார், ஒரு தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். பெயர்கூடச் சொல்லவில்லை. எங்கள் சபையிலிருந்தும் பெட்ஷீட்கள் வந்தன, கூடவே ஒரு பேனரும், அதைப் பிடித்துக்கொண்டு எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்ற குறிப்பும். சபைச் செயலாளர் ஐயா போனில் கூப்பிட்டார். “சகோதரி, ஒன்பது பிள்ளைகள்! இது எவ்வளவு பெரிய சாட்சி! அந்த அம்மாவை ஆண்டவர் பயன்படுத்தியிருக்கிறார். வீடியோவில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள், போதும்.” சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் போய் ஆயம்மாவிடம் கேட்டேன்.

அவர் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “ஒம்பது புள்ளைங்களையும் காப்பாத்துனது ஆண்டவருன்னா, இந்த மனுசன கொன்னது யாரு சிஸ்டர்? ரெண்டையும் அவரு கணக்குல போடுங்க, இல்லாட்டி ரெண்டையும் விடுங்க. ஓடுனது நான். முட்டி ரெண்டும் இன்னும் வலிக்குது. அவரு ஓடியிருந்தா எனக்கு எதுக்கு வலிக்கணும்?”

பாடுகளைப் பற்றி நான் பிரசங்கம் செய்யாத ஊர் இல்லை. புடம், பொன், குயவன், களிமண் என்று எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கும். எந்தச் சாவு வீட்டிலும் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பாடசாலை மண்டபத்தில் கையை விட்டபோது பை காலியாக இருந்தது. உங்களுக்கு இப்போது விசுவாசம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இருக்கிறது. முன்னைவிடப் பிடிவாதமாகவே இருக்கிறது. நான் நம்புகிற ஆண்டவர் மலையைப் பிடித்து நிறுத்துகிறவராக எனக்குத் தெரியவில்லை. மலையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர் ஏழு நாளோடு ஏன் கையை எடுத்தார்? ஆனால் மனிதர் செய்யாமல் விட்ட வேலையை மூடி மறைக்க அவருடைய பெயரைப் போர்வையாக எடுத்துக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். அப்படிக் கொடுத்தவர்களில் முதல் ஆள் நான்தான். ஆபீஸ்காரர்கள்கூட என் அளவுக்கு அழகாக மூடவில்லை.

பிறகு விசாரணை என்றார்கள். இது திடீரென்று வந்த இயற்கை அனர்த்தம், யாரும் முன்னால் முறையிடவில்லை என்பது தோட்டத்துப் பக்கப் பேச்சு. பெண்கள், வாயால் எத்தனையோ தடவை சொன்னோம் என்றார்கள். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கப்பட்டது. எழுத்தில் இருந்தது. உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில், என் கொப்பியில், மூன்று வருடம், மூன்று தேதி. மூன்றாவது தேதிக்கு நேரே என் பச்சைச் சரியும் இருந்தது. இரண்டு நாள் அந்தக் கொப்பியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாத்தளை டவுனுக்குப் போய் எழுத்தை அழிக்கிற வெள்ளை மை ஒரு புட்டி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்தேன், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் மூடி வைத்துவிட்டேன். செயலாளர் ஐயாவிடம் சொன்னபோது, “அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். நாம் ஊழியத்துக்குப் போனவர்கள், வழக்குக்குப் போனவர்கள் அல்ல. வீசா புதுப்பிக்கச் சபைதான் கடிதம் தர வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்” என்றார். ஞாபகம் இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஆயம்மாதான். அந்தச் சரியைப் பற்றி அவருக்குத் தெரியாது.

கொண்டுபோனேன். பாடசாலை மண்டபத்தில் மேசைக்கு ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் தோட்டத்து மேனேஜரான தொரை, எதிரே தரையில் லயத்துப் பெண்கள். அதிகாரியோடு வந்த எழுத்தர் கொப்பியைப் பிரித்து ஆயம்மாவின் மூன்று விண்ணப்பங்களையும் உரக்க வாசித்தார். மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. தொரை எட்டிப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர், உடனே கண்டுபிடித்துவிட்டார்.

“ஐயா, அந்தக் கடைசியில பச்சையில டிக் இருக்கு பாருங்க. பதில் கெடச்சிருச்சுன்னு சிஸ்டரே போட்டிருக்காங்க. அப்ப அந்தப் பிரச்சினை அன்னைக்கே முடிஞ்சதுதானே?”

ஆயம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“அந்த டிக் பொய் ஐயா,” என்றேன். “மழை விட்டுச்சு, அவ்வளவுதான். கானை யாரும் வெட்டல. ஆபீசுக்குப் போறதுக்குக் கிளம்புன ஆட்களை உபவாசம் இருங்கன்னு நிறுத்துனது நான். செத்துப்போனவரு அதுல ஒருத்தரு. நான் சொன்னேன்னுதான் போகல. அதையும் எழுதிக்கோங்க.”

எழுத்தர் எழுதினார். பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தலையைத் தூக்கியபோது ஆயம்மா இருந்த இடம் காலியாக இருந்தது.

விசாரணை அறிக்கை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். ஆனால் அடுத்த வாரமே மிச்சமிருக்கிற லயங்களுக்கு மேலே கான் வெட்ட ஆள் போட்டார்கள். அதற்காக யாரும் உபவாசம் இருக்கவில்லை. ஆயம்மா ஐந்து வாரம் என்னிடம் பேசவில்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் போய் உட்காருவேன், வருகிற நாலைந்து பேரோடு பாடிவிட்டு வருவேன். ஊரிலிருந்து திரும்பி வரும்படி கடிதம் வந்தது. வரமாட்டேன் என்றேன். “உங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது சகோதரி” என்றார் செயலாளர் ஐயா. “இருக்கட்டும் ஐயா. குறைந்ததை வைத்துக்கொண்டு இங்கேயே இருந்துகொள்கிறேன்” என்றேன். வீசாவில் இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. அனுப்பினால் போவேன், நானாக இறங்கமாட்டேன். அந்தக் கடிதத்தின் கடைசியில், பத்திரிகைக்கு ஒரு நிறைவுச் சாட்சி எழுதித் தரும்படியும் கேட்டிருந்தார்கள். அதை மட்டும் சந்தோஷமாக எழுதினேன். கான், வெடிப்பு, ஏழு நாள், பச்சைச் சரி, பலா மரம், எதையும் விடவில்லை. போடமாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் லயத்து வாசலில் நானே வாசிப்பேன்.

அனுப்புவதற்கு முன்னால் ஆயம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஸ்டாஃப் குவாட்டர்ஸில் ஓர் அறையை இப்போது பிள்ளைக்காம்பராவாக ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போனேன். சுவரோரம் உட்கார்ந்து மெல்ல வாசித்தேன். ஆயம்மா ஒரு தொட்டிலை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் ‘நீங்க சொன்னா சரி’ என்ற இடத்தில் தொட்டில் நின்றது. பிறகு மறுபடி ஆடியது. கடைசி வரிக்கு வந்தேன். பழக்கதோஷம், கடைசி வரியை நான் அழகாக எழுதியிருந்தேன். அந்த நாட்களில் ஆண்டவர் எங்களோடு அழுதார் என்று.

“அழுதாரா?” என்றார் ஆயம்மா. “நீங்க பாத்தீங்களா?”

“இல்ல ஆயம்மா.”

“பாக்காதத எழுதித்தான் போன தடவ இந்த வெனை.” தொட்டில் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். “வெசாரண முடிஞ்ச அன்னைக்கு, தண்ணி புடிக்கிற பீலிக்குப் பின்னால கல்லு மேல மண்டி போட்டுக்கிட்டு, வாயில சீலைய அடைச்சிக்கிட்டு அழுதீங்கதானே? தண்ணிக் குடத்தோட நான் இந்தப் பக்கம் நின்னேன். சிஸ்டர் அழுதாங்கன்னு எழுதுங்க. அத நான் பாத்தேன்.”